அலகுச் சோதனை: மாற்றுச்சொல் வேண்டும்

கோத்தகிரி:
வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கான பைத்தான் நிரல்மொழிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு செயற்கூறு (ஃபங்ஷன், ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) சரியாக வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரலுக்கு ‘அலகுச் சோதனை’ (யூனிட் டெஸ்ட்) என்று போட்டிருந்தேன். வகுப்பில் உடனே “எத்தனை மார்க் சார்?” என்கிறார்கள். அலகுத் தேர்வு எழுதிப் பழகிய பிள்ளைகள். எடுத்துக்காட்டு, குறிஞ்சி_ஆண்டு என்ற செயற்கூறு. 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் ஆண்டா என்று சொல்வது அது. 2006, 2018, 2030 கொடுத்தால் மெய், 2019 கொடுத்தால் பொய். ‘விடை இதுதான்’ என்று அடித்துச் சொல்லும் வரி அசர்ட். விடை பிசகினால் அது நிரலை அங்கேயே நிறுத்திவிடும். நல்ல சொல் தாருங்கள்.

குன்னூர்:
‘சோதனை’யே வடசொல், அதையும் விட்டுவிடலாம். குறள் 505, ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் அது. செயற்கூற்றின் தரத்தையும் அதன் செயல்தானே காட்டுகிறது? ‘கட்டளை’ என்றே வைப்போம்.

கொடைக்கானல்:
ஐயா, கட்டளையைக் கமாண்டுக்குக் கொடுத்து வெகுகாலமாயிற்று. ஒரே பக்கத்தில் இரு பொருளில் வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். ‘உரைப்பு’ என்றால் டெக்ஸ்டுக்கு வைத்த ‘உரை’ குறுக்கே வரும்.
சொல்லை விடுங்கள், சோதனையே போதவில்லை. 12க்குப் பதில் 6 ஆல் வகுத்து மீதி பார்த்தாலும் உங்கள் நான்கு ஆண்டுகளும் தேறிவிடும். 2024 சேருங்கள், அப்போதுதான் பிழை பிடிபடும். இன்னொன்று, நீலக்குறிஞ்சிக்குத்தான் 12 ஆண்டுக் கணக்கு. மற்றக் குறிஞ்சி வகைகளுக்குக் கணக்கு வேறு. எதிர்பார்த்த விடை வருகிறதா என்பதைத்தான் சோதனை பார்க்கும். எதிர்பார்ப்பே தவறென்றால் அதற்குத் தெரியாது. இதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

உதகை:
அசர்ட்டுக்கு நன்னூலில் சொல் இருக்கிறது. நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதத்தில் (கொள்கையில்) ஒன்று ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’. தானே ஒன்றைச் சொல்லி அதை நிலைநிறுத்துவது. அந்த வரி செய்வதும் அதுவே. ‘நிறுப்பு’ எனலாம்.

கோத்தகிரி:
அருமையான சொல் அம்மா. ஆனால் இங்கே நிறுப்பது என்றால் பசுந்தேயிலையைத்தான். 2024 சேர்த்துவிட்டேன், எதிர்பார்ப்பு பற்றியும் ஒரு பத்தி எழுதிவிட்டேன். பெரும்பாலோர் ‘சோதனை’ போதும் என்பதால் ‘செயற்கூற்றுச் சோதனை’ அச்சுக்குப் போகிறது. அசர்ட் அசர்ட்டாகவே இருக்கட்டும்.

குன்னூர்:
எனக்கு உடன்பாடில்லை. பைத்தான் 3இல் செயற்கூற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறது. அதைச் சோதிக்கும் வரியை விளக்கும் சொல் மட்டும் ஏன் இரவலாக இருக்கவேண்டும்? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ‘நிறுப்பு’ இன்னும் எளிதாகவே புரியும். அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எழுப்புவேன்.