ரெண்டரை இஞ்ச் கத்தியும் ஆபீஸ் கேட்டும்

கீழ்பவானி_கடைமடை:
நேத்து இங்க ஒருத்தரு எழுதியிருந்தாருங்க, “ரெண்டரை இஞ்சுக்குள்ள இருக்கற பாக்கெட் கத்திய எந்த கவர்மெண்ட் ஆபீஸுக்கு வேணாலும் கொண்டு போலாம், சட்டமே சொல்லுது, எவனும் தடுக்க முடியாது”ன்னு. அதுக்கு நாப்பது லைக் வேற. படிச்சதுல இருந்து வயிறெரியுது. நான் தோட்டக்கலை வேலைல இருக்கறவன், ஒட்டுக் கட்டற கத்தி எப்பவும் பைக்குள்ளயே கெடக்கும், போன மாசம் மீட்டிங்குன்னு ஒரு பெரிய ஆபீஸுக்குப் போனா கேட்டுல பைய ஒதறி கத்திய எடுத்து வெச்சுக்கிட்டாங்க, சாயங்காலம் திரும்பி வந்தா டூட்டி மாறிப்போச்சு, கத்தியுங் காணோம் வாங்கி வெச்சவருங் காணோம். அன்னிக்கு எந்த ரெண்டரை இஞ்ச் சட்டமுங்க வந்து நின்னுச்சு? அது அமெரிக்கா சட்டம். அங்க மத்திய அரசு கட்டடங்களுக்குன்னு 930-னு ஒரு பிரிவு இருக்குது, அதுல ரெண்டரை இஞ்சுக்குக் கொறஞ்ச பாக்கெட் கத்தி “ஆபத்தான ஆயுதம்”ங்கற கணக்குல வராதுன்னு ஒரு வரி. நம்மூர்ல அப்படி ஒரு வரி கெடயாது. அவ்வளவுதான்.

பழைய_சூப்ரண்டு:
தம்பி, அத எழுதுனது நாந்தான். “ஒருத்தரு”ன்னு மூடி மறைக்க வேண்டியதில்ல. முப்பத்தொரு வருசம் சர்வீஸ் போட்டவன். எம்பட மேசைல பேனாக்கத்தி இல்லாத நாளே கெடயாது. பென்சில் சீவ, அரக்கு சொரண்ட, தபால் பிரிக்க. எம்பட மாப்ள டல்லாஸ்ல அங்கத்த சென்ட்ரல் கவர்மெண்ட் ஆபீஸ்லயே கம்ப்யூட்டர் வேல பாக்கறாப்ல, தெனமும் பாக்கெட்ல கத்தியோட தான் போறாப்ல. ரெண்டரை இஞ்ச். அளந்து தான் வெச்சிருக்கறாங்க. ரெண்டரை இஞ்ச்.

கீழ்பவானி_கடைமடை:
மாப்ள இருக்கறது டல்லாஸ்லங்க. நாம இருக்கறது காங்கயத்துக்குப் பக்கத்துலங்க.

பொள்ளாச்சி_இளநி:
டல்லாஸ் பஸ் எங்க ஏறோணுமுங்க, உக்கடத்துலயா காந்திபுரத்துலயா? கத்தியோட ஏத்துவாங்களா?

நடுப்பந்தி:
மொதல்ல ஆயுதம்னா என்னன்னு பாத்துக்கலாமா. 1959 ஆயுதச் சட்டம் 2-வது பிரிவுல, வீட்டுக்கும் வெவசாயத்துக்கும் மட்டுமே செஞ்ச பொருள், சாதா கைத்தடி மாதிரி, ஆயுதக் கணக்குல சேராதுன்னு இருக்குது. 2016 ஆயுத விதிகள்ல ஆயுதம்னு பட்டியல் போட்டிருக்கறது 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்கற கத்தி, அதுலயும் வீட்டு, வெவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்குச் செஞ்சது தள்ளுபடி. ஆனா இது லைசென்ஸ் கணக்கு. ஆபீஸ் கேட்டுல உள்ள விடறதும் விடாததும் வேற கணக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாம பேசுனா நல்லாருக்கும்.

பழைய_சூப்ரண்டு:
பாத்தீங்களா, ஒம்பது இஞ்சே ஆகும்னு இவரே சொல்லிட்டாரு. ஒம்பது ஆகும்னா ரெண்டரை ஆகாதா? நாலாங்கிளாஸ் கணக்கு.

நடுப்பந்தி:
நான் சொன்னது அதில்லீங்க.

கேட்டு_டூட்டி:
நான் ஒரு ஆபீஸ் கேட்டுல நிக்கற ஆளுங்க. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. திங்கக்கெழம மனுநாள்ல நாங்க தேடறது கத்திய இல்லீங்க, மண்ணெண்ணெய் பாட்டில. 2017-ல நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல ஒரு குடும்பமே தீ வெச்சுக்கிச்சே, அதுக்கப்பறம் பை, தூக்குப்போசி, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் மோந்து பாத்துத்தான் விடறோம். அப்ப கத்தி கண்ணுல பட்டா எடுத்து வெச்சுருவோம். ஸ்கேல் வெச்சு அளக்கறதுக்கு நாங்க என்ன டெய்லருங்களா? தோட்டத்துல இருந்து நேரா வர்ற ஆளு இடுப்புல சூரி இல்லீன்னாத்தான் அதிசயம். டப்பால போட்டு டோக்கன் குடுக்கலாம்னு மூணு வாட்டி எழுதிக் குடுத்தாச்சு. டோக்கன் அடிக்க ஃபண்டு இல்லீங்களாமா.

கீழ்பவானி_கடைமடை:
டப்பால போட்ட கத்தியெல்லாம் இப்ப யாரு ஊட்டு சமையக்கட்டுல இருக்குதுங்?

கேட்டு_டூட்டி:
ஏனுங், எந்த ஆபீஸ்னே நான் சொல்லலியே, அதுக்குள்ள திருடன்னு முத்தர குத்தறீங்களா? உங்க கத்திய உங்க பைல வெச்சது நீங்க.

மஞ்சமண்டி_அக்கா:
எங்க ரெக்கார்டு ரூம்ல ஃபைல் தைக்கற கோணூசி இருக்குதுங்க, என்ற கைச்சாண்ல முக்கால் சாண் வரும். குத்துனா அந்தப் பக்கம் வந்துரும். அத ஒருத்தருங் கேட்டதில்ல. மத்தியானம் கொய்யாக்கா அரியறதுக்குக் கொண்டுபோன கத்திக்கு மட்டும் இத்தன வெசாரணை. யாருக்காச்சும் ரிட்டயர்மெண்ட்டுன்னா கேக் வெட்டற கத்தி மட்டும் ராஜமரியாதையோட உள்ள போகுது.

பழைய_சூப்ரண்டு:
கோணூசிய இதுல சேக்கக்கூடாதும்மா. அது இண்டெண்ட் போட்டு ஸ்டோர்ல வாங்கறது, கவர்மெண்ட் பொருள். பேச்சு கத்தியப் பத்தி. ரெண்டரை இஞ்ச்.

சிவகங்கைச்_சீமை:
திருப்பூருக்குப் பொழைக்க வந்து எட்டு வருசமாச்சு, இந்த ஊருக்காரங்க பென்சில் சீவுற கத்திக்கு இம்புட்டுச் சண்ட போடுறத இன்னைக்குத்தேன் பாக்குறேன். எங்க திருப்பாச்சிப் பக்கம் வந்து பாருங்கய்யா, அருவான்னா என்னன்னு.

பொள்ளாச்சி_இளநி:
அருவா இல்லீங்க, கொடுவா. ஒரு நாளைக்கு முன்னூறு காய் சீவறேன், சந்தைக்கும் போறேன், பேங்குக்கும் போறேன், வண்டில அது பாட்டுக்குக் கெடக்குது. ஒரு போலீசுங் கேட்டதில்ல. உங்கூர்க்காரரு கைல இருந்தாத்தான் அது ஆயுதம்.

சிவகங்கைச்_சீமை:
இந்த லொள்ளுதான வேணாங்குறது. பரோட்டாவுக்குச் சால்னாவா குருமாவான்னு போன வருசம் பேசுனப்பவும் நீங்க இப்புடித்தேன் ஊரப் பேசுனீங்க, நான் மறக்கல. அரிவாள்ங்குறது தமிழ்.

பொள்ளாச்சி_இளநி:
கொடுவாள் என்ன தெலுங்குங்களா?

கீழ்பவானி_கடைமடை:
மறுபடியும் விசயத்துக்கு வாரனுங்க. அந்த அமெரிக்கா சட்டத்துலயே இருக்கறது “ரெண்டரைக்குக் கொறவு”ன்னு. சரியா ரெண்டரை இருந்தா விலக்கு கெடயாது, ஒரு வருசம் வரைக்கும் உள்ள வெக்கலாம், கோர்ட்டுக் கட்டடம்னா ரெண்டு வருசம். அங்க தபால் ஆபீஸுக்குத் தனி விதி வேற. விமானத்துக்குள்ள சின்னக்கத்திய விடறம்னு 2013 மார்ச்ல அறிவிச்சு, விமானத்துல வேல பாக்கறவிய போட்ட கூப்பாட்டுல ஜூன்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. அவங்க ஊர்லயே இத்தன கோக்குமாக்கு, அதத் தூக்கிட்டு வந்து இங்க சட்டம்னு சொன்னா, நம்பி நாலு பேரு கேட்டுல போய் மல்லுக்கட்ட மாட்டாங்களா?

பழைய_சூப்ரண்டு:
ரெண்டரைன்னு நான் சொன்னா ரெண்டரைக்குள்ளன்னு அர்த்தம். பத்து மணிக்கு ஆபீஸ்னா பத்துக்குள்ள வரோணும்னு அர்த்தம், அது உங்க டிபார்ட்மெண்ட்டுக்குப் புரியாது, எனக்குத் தெரியும், ஏன்னா எம்பட ரெண்டேக்கரா தென்னைக்குச் சொட்டுநீர் மானியம் கேட்டு எட்டு மாசம் நடந்தவன் நான், ஒருக்கா ஃபீல்டுக்குப் போயிருக்கறாருன்னாங்க, ஒருக்கா மீட்டிங்குன்னாங்க, ஒருக்கா சிட்டா பழசுன்னாங்க, கடைசில பைப்பு வந்தப்ப மரம் பாதி காஞ்சு போச்சு. அப்படிப்பட்டவிய எனக்கு “கொறவு”ங்கற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக் குடுக்கறாங்க. சட்டத்துல ரெண்டரைங்கற நம்பர் இருக்குதா இல்லியா? இருக்குது. நான் சொன்னது ரெண்டரை. அவ்வளவுதான் கேஸ்.

கீழ்பவானி_கடைமடை:
சிட்டா பழசுன்னா புதுசு வாங்கியாந்து குடுக்க வேண்டியதுதானுங்க. முப்பத்தொரு வருசம் ஊரு உலகத்தையெல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொன்னவிய, தன்னைய ஒருக்காச் சொன்னா மட்டும் வலிக்குதாக்கு.

பழைய_சூப்ரண்டு:
நான் யாரையும் நாளைக்கு வான்னு சொன்னதில்ல. மத்தியானத்துக்கு மேல வான்னு சொல்லியிருப்பேன்.

மஞ்சமண்டி_அக்கா:
😂😂

நடுப்பந்தி:
கடைசியா ஒருக்காச் சொல்றனுங்க. கேட்டுல எடுத்து வெக்கறதுக்கு ஆயுதச் சட்டமே தேவையில்ல. அந்த வளாகத்துக்கு யாரு பொறுப்போ அவிய பாதுகாப்புக்கு உத்தரவு போட்டாப் போதும். கேக்க வேண்டியது அந்த உத்தரவு எங்க ஒட்டியிருக்குது, வாங்கி வெச்ச பொருளுக்கு ரசீது எங்கன்னு. இஞ்ச் கணக்கே இல்ல.

பழைய_சூப்ரண்டு:
இஞ்ச் கணக்கே இல்லீன்னா அப்பறம் எதுக்குத் தம்பி ஒம்பது இஞ்ச்சுன்னு ஆரம்பிச்சீங்க? அந்த ஒம்பதே தப்பு. அது விமானத்துல சர்தார்ஜிக வெச்சிருக்கற கிர்பான் கத்திக்குச் சொன்னது.

நடுப்பந்தி:
அது 2022 உத்தரவுங்க, அதுல அலகு 6 இஞ்ச், புடியோட சேத்து 9. நான் சொன்னது வேற 9.

பழைய_சூப்ரண்டு:
ஒம்பதுல எத்தன ஒம்பதுங்க இருக்குது.

கேட்டு_டூட்டி:
திருடன்னு சொன்னவரு இன்னும் பதில் சொல்லலீங்க. பாத்துட்டுத்தான் இருக்கறேன்.

கீழ்பவானி_கடைமடை:
கத்திய மொதல்ல குடுக்கச் சொல்லுங்க. மரப்புடி, புடில சேப்பு பெயிண்டு. ஒட்டுக் கட்ட எம்பட வாத்தியாரு குடுத்தது.

பழைய_சூப்ரண்டு:
எல்லாரும் பாத்துக்குங்க. எம்பட பேனாக்கத்திய ஸ்கேல் மேல வெச்சு போட்டோ போட்டிருக்கறேன். நுனில இருந்து புடி வரைக்கும் ரெண்டரைக்கு ஒரு நூல் கம்மி. இத நான் எந்த ஆபீஸுக்கும் கொண்டு போவேன், அமெரிக்காவுக்கும் கொண்டு போவேன்.

மஞ்சமண்டி_அக்கா:
ஐயா, ஸ்கேல் மொனை ஒடஞ்சிருக்குதுங்களே. ஒண்ணுல இருந்து தான ஆரம்பிக்குது. அப்ப கத்தி ஒண்ணரை இஞ்சுக்குள்ள தானுங்க.

பொள்ளாச்சி_இளநி:
ஒண்ணரைன்னா அது கத்தி இல்லீங்க, சாவிக்கொத்து. கேட்டுல தாராளமா உடுவாங்க.

பழைய_சூப்ரண்டு:
ஒண்ணரை இல்ல. ரெண்டரை. அந்த ஸ்கேல் இருபது வருசம் எம்பட மேசைல இருந்தது, எத்தனையோ ரிஜிஸ்டருக்கு அதுல தான் கோடு போட்டிருக்கறேன், ஒருத்தருங் கொற சொன்னதில்ல. ரெண்டரை.

சிவகங்கைச்_சீமை:
அரிவாள்னு எழுதுங்கய்யா. கொடுவாளாம்.