சனிக்கிழமை சில, செவ்வாய்க்கிழமை சில: மீன்கள் சாகின்றன, நோயா தண்ணீரா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். 3 அடி நீளத் தொட்டி, ஏறக்குறைய 120 லிட்டர். ஏஞ்சல், மோலி, முத்துக் குராமி, ஒரு டேங்க் கிளீனர் மீன். இரண்டு வருடமாக நல்லபடி ஓடியது. சனிக்கிழமை காலை வழக்கம்போல் பாதித் தண்ணீரை மாற்றி, குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்தும் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விட்டேன். மதியமே மோலிகள் மேலே வந்து வாயைப் பிளந்தன, துள்ளிக் கண்ணாடியில் மோதின. மாலைக்குள் நாலு போய்விட்டன. மற்றவை தேறிவிட்டன என்றிருந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. ஒரு ஏஞ்சல், இரண்டு குராமி போய்விட்டன. இந்தத் தடவை துள்ளல் இல்லை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்து வேகவேகமாக மூச்சு வாங்குகின்றன. புள்ளியோ புண்ணோ கிடையாது. கடையில் பாக்டீரியா நோய் என்று நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஊற்றவில்லை. மிச்சம் இருக்கும் ஏஞ்சல் என் மகள் பெயர் வைத்து வளர்ப்பது. தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.

மோலிப்பிரியர்:
வெள்ளைப்புள்ளி நோயின் ஆரம்பம் மாதிரி தெரிகிறது. புள்ளி பிறகு வரும். ஹீட்டரை 30க்கு ஏற்றி மருந்தை ஊற்றுங்கள்.

பழையதொட்டி:
மருந்தை ஊற்றாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். வெள்ளைப்புள்ளி, தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் நாலு மீனைச் சாய்க்காது. சூட்டையும் ஏற்ற வேண்டாம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிற மீனுக்கு அது இன்னும் கஷ்டம். வேறு வேறு இன மீன்கள் ஒரே நாளில் சேர்ந்து விழுந்தால் நான் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன். அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மூன்றையும் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள். செத்த மீன் கையில் இருந்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள், என்ன நிறம்?

நீலக்குராமி:
இன்னொரு கேள்வி. சனிக்கிழமை வீட்டில் கொசு மருந்து, கரப்பான் ஸ்ப்ரே ஏதாவது அடித்தீர்களா? அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

வேளச்சேரிவாசி:
ஸ்ப்ரே எதுவும் அடிக்கவில்லை. அதே அலமாரியில் ஒரு ஃபைட்டர் மீன் தனிக் கிண்ணத்தில் இருக்கிறது, அதே தீனிதான். அது நன்றாக இருக்கிறது. அதற்கு இந்த வாரம் தண்ணீர் மாற்றவில்லை. அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0, பி.எச். 8.2, சூடு 29 டிகிரி. சனிக்கிழமை செத்த மோலியின் செவுள் சிவப்பாக இல்லை, வெளுத்துக் கோழை படிந்த மாதிரி இருந்தது.

பழையதொட்டி:
ஃபைட்டர் பெரிய துப்புக் கொடுத்துவிட்டது. அறைக் காற்றில் விஷம் இருந்தால் மேலே வந்து அந்தக் காற்றையே குடிக்கிற ஃபைட்டருக்கும் ஏதாவது ஆகியிருக்கும். வெறும் ஆக்சிஜன் குறைவு என்றால் குராமி கடைசிவரை தாக்குப்பிடித்திருக்கும், அதுவும் மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். ஆக, அன்று உள்ளே போன தண்ணீரில்தான் கோளாறு.

நடந்தது இப்படி இருக்கலாம். சனிக்கிழமை வந்த தண்ணீரில் குளோரின் மிக அதிகம். அது செவுளை எரித்தது, மோலிகள் அன்றைக்கே போயின. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருந்த நல்ல பாக்டீரியாவையும் அதே குளோரின் கொன்றது. அது உடனே கண்ணுக்குத் தெரியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்ன ஆளில்லாமல் மெல்ல ஏறி, செவ்வாய்க்கிழமை இரண்டாவது சாவு தொடங்கியது. நைட்ரைட் 0 என்பதும் பொருந்துகிறது, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிற கூட்டமே இல்லை.

2 பி.பி.எம். அம்மோனியா எல்லாத் தொட்டியிலும் ஒரே அளவு ஆபத்தல்ல. பி.எச். 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. உங்கள் 8.2லும் 29 டிகிரியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நச்சு. அதனால்தான் மீன் இப்படித் தவிக்கிறது.

ஒன்று விசாரியுங்கள். அபார்ட்மென்டில் அந்த வாரம் சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) கழுவினார்களா?

வேளச்சேரிவாசி:
வாட்ச்மேனிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை சம்ப், மேல்தொட்டி இரண்டையும் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள்! எனக்குக் குழாய்த் தண்ணீரில் வாடை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆன்டி குளோரின் விட்டேனே?

பழையதொட்டி:
பாட்டிலில் இருக்கும் அளவு சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கானது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மீனுக்கு அதுவே அதிகம், சம்ப் கழுவிய மறுநாள் அதைப்போல் பல மடங்கு வரும். கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்தான். ஒரு பங்கு குளோரினை முறிக்க எடையில் ஏழு பங்கு தயோசல்பேட் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். குளோரின் ஏறினால் மருந்தும் ஏற வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள், பட்டினியால் சாகாது. ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் தயோசல்பேட் சேர்த்து, குளோரின் சோதனைச் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் துளியும் தெரியக் கூடாது. அப்புறம் தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். நீல மருந்து வேண்டவே வேண்டாம், மெத்திலின் புளூ மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும்.

நீலக்குராமி:
நண்பர் யாராவது நல்ல தொட்டி வைத்திருந்தால் அவருடைய பழைய ஸ்பாஞ்சை, அதே தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காயவிட்டால் பயனில்லை. ஜியோலைட் என்ற கல்லும் அம்மோனியாவைப் பிடிக்கும், ஆனால் அது உள்ளே இருக்கும்போது உப்புப் போடாதீர்கள், பிடித்ததை விட்டுவிடும்.

வேளச்சேரிவாசி:
மாடியில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து கறுத்த ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தது. நாலு நாளாகத் தண்ணீர் மாற்றுகிறேன். அம்மோனியா 0.25க்கு வந்துவிட்டது, நைட்ரைட் 0.5 காட்டுகிறது. மகளின் ஏஞ்சல் மூலையை விட்டு வெளியே வந்து சுற்றுகிறது! உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி. நைட்ரைட்டுக்குப் பயப்பட வேண்டுமா? புது மீன் எப்போது விடலாம்?

பழையதொட்டி:
ரொம்ப சந்தோஷம். நைட்ரைட் வருவது, அம்மோனியாவைத் தின்னும் முதல் பாக்டீரியாக் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். ஆனால் அதுவும் நச்சுதான், ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜன் சுமக்க விடாது. ஜியோலைட் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைக் கரைத்து விடுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போது, புதிதாக ஊற்றும் அளவுக்கு மட்டும் உப்புச் சேருங்கள். வழக்கம்போல் தீனி போட்டும் ஒரு வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டட்டும், அப்புறம் புது மீன் பற்றி யோசிக்கலாம். மூன்று நாலு வாரம் ஆகலாம், அவசரம் வேண்டாம். அடுத்த தடவை சம்ப் கழுவும் தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்லி வாட்ச்மேனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.