மாருதி 800: முன் இடது பக்கம் டொக் டொக் சத்தம், ஷாக் அப்சார்பர் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி

வணக்கம். அப்பா வாங்கிய 2003 மாடல் மாருதி 800, இன்னும் வீட்டு வண்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளாக முன் இடது பக்கம் சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒன்றுமில்லை. குண்டும் குழியுமான தெருவில் இரண்டாவது கியரில் மெதுவாகப் போனால் டொக் டொக்கென்று தட்டுகிறது. பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது ஒரே ஒரு ‘டங்’.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், முன் ஷாக் இரண்டும் போச்சு, மாற்றிவிடலாம் என்றார்கள். எண்ணெய்க் கசிவு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டியை விற்க வீட்டில் யாருக்கும் மனமில்லை. செலவு செய்யத் தயார்தான், ஆனால் பழுது எங்கே என்று தெரிந்து செய்ய வேண்டும். எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பதில் 1

முதலில் பைசா செலவில்லாத ஒரு சோதனை. அதே தெருவில் அதே வேகத்தில் போகும்போது பிரேக் பெடலை இலேசாகத் தொட்டு வைத்திருங்கள். சத்தம் அப்போது நின்றுவிட்டால் சஸ்பென்ஷனை விட்டுவிடுங்கள். பிரேக் பேடோ, அதை அழுத்தும் காலிப்பரோ தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் கீழே பார்க்க வேண்டியதுதான்.

கேட்டவர்

செய்து பார்த்தேன் அண்ணா. சத்தம் அப்படியே இருக்கிறது.

பதில் 2

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றில் ஷாக்கைக் காட்டிக்கொடுப்பது ஒன்றுகூட இல்லை. ஷாக் போனால் வண்டி குழியில் இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். பானெட் மூலையை ஓங்கி அமுக்கிக் கையை எடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கிவிட்டால் ஷாக் பெரிதாகக் கெடவில்லை.

பிரேக் பிடிக்கும்போது இழுப்பதும் ரிவர்ஸில் நிறுத்தும்போது ‘டங்’ என்பதும் சேர்ந்து வந்தால், சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள். இந்த வண்டியில் சக்கரத்தைக் கீழே வண்டி உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் உள்பக்கம் ஒரே இடத்தில்தான் பிடித்திருக்கிறது. அது முன்பின்னாக நகராமல் தடுப்பது ஸ்டெபிலைசர் பார் என்ற குறுக்குக் கம்பி. அதன் இரு முனைகளும் இரண்டு ஆர்ம்களுக்குள் ரப்பர் புஷ் (ரப்பர் வளையம்) வழியாக நுழைகின்றன. அந்த ரப்பர் தேய்ந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும், ரிவர்ஸில் பிடித்தால் முன்னால் வரும். ஒரு பக்கம் மட்டும் அப்படி நகர்ந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறும், வண்டி இழுக்கும். வண்டி திருப்பத்தில் சாயாமல் இருக்க மட்டும்தான் அந்தக் கம்பி என்று நினைத்துப் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. சமதளத்தில் ஒருவர் உள்ளே உட்காரட்டும், இன்னும் இருவர் வண்டியை நடை வேகத்தில் முன்னும் பின்னும் தள்ளட்டும். உள்ளே இருப்பவர் சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டும். நீங்கள் பக்கவாட்டில், கால் சிக்காத தூரத்தில் நின்று, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். வலது சக்கரத்தையும் அதேபோல் பார்த்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். டயரை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் லோயர் ஆர்மின் வெளிமுனையில் உள்ள பால் ஜாயிண்ட் மேல் சந்தேகம். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் அல்லது ஸ்டியரிங் ரேக்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஸ்ட்ரட் மவுண்டையும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே வண்டி உடலோடு பிடிக்கும் இடம்) பார்த்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் தலையில் கை வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். கையில் தட்டுவது தெரிந்தாலோ, காயில் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டொய்ங்’ என்று விடுபட்டாலோ மேல் பேரிங் போய்விட்டது.

கேட்டவர்

அண்ணா, நீங்கள் சொன்னதுதான்! பிரேக் பிடித்ததும் இடது சக்கரம் பின்னால் நகர்வது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வலது பக்கம் அசையவில்லை. கீழே பார்த்தால் இடது புஷ் ரப்பர் பிய்ந்து, கம்பி இரும்போடு உரசிப் பளபளவென்று இருக்கிறது. பால் ஜாயிண்டில் ஆட்டமில்லை, ஸ்ட்ரட் மவுண்ட்டும் அமைதி. ஆனால் இடது ஆர்மின் உள்பக்க புஷ்ஷிலும் வெடிப்பு தெரிகிறது. இரண்டு பக்கமும் மாற்றணுமா? தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார், அவரிடம் செய்துகொள்கிறேன்.

பதில் 2

ஸ்டெபிலைசர் புஷ்களை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பருக்கு வயது இரு பக்கமும் ஒன்றுதான், விலையும் அதிகமில்லை. உள்பக்க புஷ்ஷை இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதும், வலதில் வெடிப்பு இல்லையென்றால். புஷ்ஷை பிரஸ் போட்டுத்தான் இறக்க வேண்டும், சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். கம்பி முனை உரசித் தேய்ந்து மெலிந்திருந்தால் புது புஷ்ஷும் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும், கம்பியையும் மாற்றிவிடுங்கள். 800 தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்டாலும் இந்தச் சாமான்கள் கிடைக்கின்றன.

மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. சக்கரம் தொங்கும் நிலையில் உள்பக்க புஷ் போல்ட்டை முழுசாக முறுக்கக் கூடாது. கையால் பிடித்த அளவில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னால் இரண்டு தடவை அமுக்கிவிட்ட பிறகு, எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

வீல் அலைன்மெண்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக. ஷாக்கை இப்போதைக்குத் தொட வேண்டாம்.