மறு: ‘விர்ச்சுவல் ரெப்ரசெண்டேஷன்’ – ‘மெய்நிகர்’ இங்கே வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். ‘விர்ச்சுவல் ரெப்ரசெண்டேஷன்’ (virtual representation) என்ற வரலாற்றுச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘விர்ச்சுவல்’ என்றால் ‘மெய்நிகர்’ என்று நம் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதே. ‘மெய்நிகர் பிரதிநிதித்துவம்’ என்று போட்டுவிடலாமா?

கணினித் துறைக்கு அது நல்ல சொல். ஆனால் அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய பாடத்தில் இதைப் பார்க்கிற மாணவர், யாரோ காணொளி வழியாக நாடாளுமன்றத்தில் கலந்துகொண்டார்கள் என்றுதான் நினைப்பார். 13 காலனிகளும் பிரிட்டனை விட்டுப் பிரிந்த சண்டையில் நடுநாயகமாக நின்ற கருத்து இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டன் பெருங்கடனில் இருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கைக் காலனிகளே தரட்டும் என்று 1765-ல் முத்திரை வரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பத்திரம், செய்தித்தாள், பஞ்சாங்கம் தொடங்கிச் சீட்டுக்கட்டு வரை முத்திரை கட்டாயம். நாங்கள் தேர்ந்தெடுக்காத நாடாளுமன்றம் எங்கள்மேல் எப்படி வரி போடலாம் என்று காலனிகள் கேட்டன.

அதற்கு லண்டன் சொன்ன பதிலுக்குத்தான் நாம் இப்போது பெயர் தேடுகிறோம். கருவூலச் செயலராக இருந்த தாமஸ் வேட்லி முன்வைத்த வாதம் இது: பிரிட்டனிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு வாக்கு கிடையாது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற ஊர்களுக்குத் தனி உறுப்பினரே இல்லை. ஆனாலும் அவையில் உட்காருகிற ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு மட்டுமல்லாமல் எல்லா மக்களுக்கும் சேர்த்தே பேசுகிறார். அமெரிக்கர்களும் அதில் அடக்கம்.

ஆக, நம் சொல் இரண்டு விஷயங்களைத் தாங்க வேண்டும். ஒன்று, வாக்கு இல்லை. இரண்டு, இல்லாவிட்டாலும் பிரதிநிதித்துவம் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது.

> ‘மறைமுகப் பிரதிநிதித்துவம்’ அல்லது ‘நியமனப் பிரதிநிதித்துவம்’?

இரண்டும் வேறு. நம் மாநிலங்களவைத் தேர்தல் மறைமுகமானது. அங்கே மக்கள் வாக்களித்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்கள் அடுத்த வாக்கைப் போடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு தொடர்பே இல்லை. நியமனமும் யாரும் செய்யவில்லை.

> ‘பெயரளவுப் பிரதிநிதித்துவம்’ என்றால் எளிதில் புரியுமே?

இந்தச் சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது எதிர்த்தரப்பின் தீர்ப்பு. 1766 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசியல் தலைவர் வில்லியம் பிட் நாடாளுமன்றத்திலேயே எழுந்து, மனித மூளையில் தோன்றிய எண்ணங்களில் இதைவிடக் கேவலமானது வேறில்லை என்ற அளவுக்குச் சாடினார். அவர் பேச்சை மொழிபெயர்க்கும்போது ‘பெயரளவு’ கச்சிதமாகப் பொருந்தும். வேட்லி எழுதியதை மொழிபெயர்க்கும்போது பொருந்தாது. தன் கட்சியைத் தானே யாராவது ‘பெயரளவு’ என்பார்களா? இரு தரப்பும் எடுத்துப் பேசக்கூடிய சொல்லாக இருந்தால்தான் அது கலைச்சொல்.

என் பரிந்துரை: நிகர்நிலைப் பிரதிநிதித்துவம்.

‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல். பல்கலைக்கழகமாக நிறுவப்படாத ஒன்றை அதற்கு நிகராகக் கொள்வது என்பது அதன் பொருள். வேட்லி கோரியதும் இதே ‘கொள்வது’தான். ‘மெய்’ என்ற முன்னொட்டும் போய்விடுகிறது.

எதிர்வாதமும் இந்தச் சொல்லுக்குள் இடம் பெறுகிறது. மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி 1765-லேயே தந்த பதிலைப் பாருங்கள். இங்கிலாந்தில் வாக்கில்லாதவர்மேல் வரி போட்டால், வாக்குள்ளவரும் உறுப்பினரும் சேர்ந்தே அதைக் கட்ட வேண்டும். அமெரிக்கர்மேல் போட்டாலோ அவர்களுடைய சுமை குறைகிறது. இரு தரப்புக்கும் நலன் ஒன்றாக இல்லாதபோது நிகர் எங்கிருந்து வரும்? இந்தப் பிரச்சினையில் எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையான பதில் கிடையாது.

இதற்கு எதிர்ச்சொல்லாக ‘தேர்வுவழிப் பிரதிநிதித்துவம்’ என்று வைக்கலாம். 1765 அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது காலனிகளின் பேராளர்கள் கூடியபோது, தாங்கள் லண்டன் அவையில் பிரதிநிதித்துவம் பெறவில்லை, தூரத்தால் பெறவும் முடியாது என்று தீர்மானித்தார்கள். அதாவது, லண்டனில் இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் சட்டமன்றம்தான் எங்கள்மேல் வரி போடலாம் என்றார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகின்றன.

1766-ல் முத்திரை வரி ரத்தானது. கூடவே, காலனிகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் இயற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று இன்னொரு சட்டமும் வந்தது. அப்புறம் 1773-ல் பாஸ்டனில் காலனி மக்கள் எதிர்ப்புக் காட்டி 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதும், 1774-ல் மாசசூசெட்ஸின் ஆட்சிமுறையையே லண்டன் மாற்றியதும் தெரிந்த கதை. 1776 ஜூலை விடுதலைப் பிரகடனத்தில் மன்னர்மேல் அடுக்கிய குறைகளைப் படித்தால், சம்மதமில்லாத வரி நடுவில்தான் வருகிறது. அதற்கு முன்னாலேயே, சட்டமன்றங்களைத் திரும்பத் திரும்பக் கலைத்ததும், பிரதிநிதித்துவ உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் சட்டம் என்று பேரம் பேசியதும் வந்துவிடுகின்றன. இதை ‘வரிக் கலகம்’ என்று சுருக்குவது எனக்கு ஒப்புதல் இல்லை.

> இந்தச் சொல் 1776-ஓடு முடிந்துவிடும். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

முடியவில்லை, ஐயா. 1787 அமெரிக்க அரசமைப்பு லண்டனுக்குத் தந்த நேரடிப் பதில்: மக்கள்தொகைப்படி இடங்கள், பத்தாண்டுக்கு ஒரு கணக்கெடுப்பு, இரண்டாண்டுக்கு ஒரு தேர்தல், உறுப்பினர் அந்த மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஆனால் பெண்களுக்குக் கணவனும் தந்தையும் சேர்த்து வாக்களிப்பதாகக் கொண்ட பழைய வாதம் புதிய நாட்டிலும் அப்படியே தொடர்ந்தது. 1776 மார்ச்சிலேயே அபிகேல் ஆடம்ஸ், விடுதலை இயக்கத் தலைவர்களில் ஒருவரான கணவர் ஜானுக்கு எழுதிய கடிதத்தில், எங்களுக்குக் குரலோ பிரதிநிதித்துவமோ இல்லாத சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று எச்சரித்திருந்தார். அங்கேயும் நமக்கு இதே சொல் தேவைப்படும்.

அடிமைகளில் ஐவரை மூவராக எண்ணித் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்ததை மட்டும் நிகர்நிலை என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்காகப் பேசுவதாக அங்கே யாரும் பாவனைகூடச் செய்யவில்லை. அவர்கள் தலையை எண்ணி உடைமையாளர்களின் பலத்தைக் கூட்டினார்கள். அதைத் தனிப் பதிவாக ‘ஐந்தில் மூன்று விதி’ என்றே வைப்போம்.

பட்டியலுக்கான வரைவு:

நிகர்நிலைப் பிரதிநிதித்துவம் – வாக்குரிமை இல்லாதவர்களும், பொது நலனுக்காகச் செயல்படும் அவையால் பிரதிநிதித்துவம் பெற்றவர்களாகவே கொள்ளப்பட வேண்டும் என்னும் கோட்பாடு. எதிர்: தேர்வுவழிப் பிரதிநிதித்துவம்.

‘பிரதிநிதித்துவம்’ என்பதற்குப் பதில் ‘சார்பாண்மை’ என்று விரும்புவோர் அதையும் அருகில் குறிக்கலாம். எனக்கு மறுப்பில்லை. வாஷிங்டன் நகரிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குப் போகிறவருக்குச் சட்டங்களின் மேல் இறுதி வாக்கு கிடையாது. அவரைக் குறிக்க ‘வாக்கில்லாப் பேராளர்’ சரியா என்று தனி இழையில் கேட்கிறேன்.