ரியல்-வேர்ட் எரர்: ‘சொல்மாறாட்டம்’ என்று வைக்கலாம்

தட்டும்போது தவறி விழுந்ததும் அகராதியில் உள்ள வேறொரு சொல்லாகவே அமைந்துவிட்டால், சாதாரண எழுத்துப்பிழை திருத்தி அதைப் பிடிக்காது. ஆங்கிலத்தில் இதை ரியல்-வேர்ட் எரர் என்கிறார்கள். தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? ‘உண்மைச்சொல் பிழை’ வேண்டாம். வாய்மையைப் பற்றிய பேச்சு போல ஒலிக்கிறது. ‘சொல்வழு’ நல்ல சொல்தான். ஆனால் திணைவழு, பால்வழு என்று இலக்கணத்தில் ‘வழு’வுக்குத் தனி வேலை இருக்கிறது, மென்பொருள்காரர்களும் பக் என்பதற்கு அதை எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. ல-ள, ன-ண போல ஒலி நெருங்கிய எழுத்துகள் மாறுவதைச் சொல்லும் ‘மயங்கொலிப் பிழை’ பாதியைத்தான் பிடிக்கும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஷிப்ட் தவறினால் ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகும், அது மயங்கொலி. தமிழ்99 விசைப்பலகையிலோ ம, த அடுத்தடுத்த விசைகள், ‘மலை’ ‘தலை’ ஆகிவிடும். க, ப பக்கத்தில் இருப்பதால் ‘கடை’ ‘படை’ ஆகும். இவற்றில் ஒலி மயக்கமே இல்லை.

ஆள்மாறாட்டம் எல்லோருக்கும் தெரிந்த சொல்: ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பது. இங்கும் அதுதான் நடக்கிறது. அகராதியில் உள்ள நல்ல சொல், வேறொரு சொல்லின் இடத்தில் நிற்கிறது. அதனால் ‘சொல்மாறாட்டம்’. புணர்ச்சிப்படி ‘சொன்மாறாட்டம்’ ஆகாதா என்றால், ‘ஆண்மாறாட்டம்’ என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் பொருளே மாறிவிடும். பிரித்தறியும்படியே இருக்கட்டும்.

கூடவே இன்னொரு சொல்லும் தேவை. ஒன்றன் இடத்தில் ஒன்று வரக்கூடிய சொற்களின் பட்டியலை ‘மயங்குசொல் தொகுதி’ எனலாம். இதை விசைப்பலகைக்கு ஒன்றாகத் தனித்தனியே தயாரிக்க வேண்டும்.

கண்டறியும் முறைக்கு மேஸ், டாமரோ, மெர்சர் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் காட்டிய வழி இன்றும் நல்ல தொடக்கம். அடுத்தடுத்த மூன்று சொற்கள் சேர்ந்து உரைத்தொகுப்பில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, சூழல் எந்தச் சொல்லை ஆதரிக்கிறது என்று பார்ப்பதே அது. தட்டிய சொல்லே சரி என்பதற்கு 0.99 நிகழ்தகவு கொடுங்கள், மிச்சம் 0.01-ஐத் தொகுதியில் உள்ள மற்றவற்றுக்குப் பங்கிடுங்கள். மாற்று ஒன்றே என்றால், சூழல் அதை 99 மடங்குக்கு மேல் ஆதரித்தால்தான் திருத்தம் வரும். நான்கு மாற்றுகள் என்றால் 396 மடங்கு. 0.99-ஐ இறக்கினால் நல்ல சொல்லையெல்லாம் திருத்தத் தொடங்கும். ஏற்றினால் ‘பல்லிக்குப் போனான்’ தப்பிவிடும்.

தமிழில் இம்முறை இரண்டு இடத்தில் தடுமாறும். ‘பள்ளிக்கு’, ‘பள்ளியிலிருந்து’, ‘பள்ளிக்குள்ளேயே’ எல்லாம் தனித்தனிச் சொற்களாக எண்ணப்பட்டால் எதற்கும் போதிய எண்ணிக்கை சேராது. பகுதியையும் விகுதியையும் பிரித்த பிறகே எண்ண வேண்டும். அடுத்தது, வினை கடைசியில் வருவது. ‘அந்த மனம் வீடு முழுவதும் வீசியது’ என்பதில் ‘மணம்’ என்று காட்டிக்கொடுப்பது ‘வீசியது’. மூன்று சொல் சன்னல் அதுவரை எட்டாது. பகுதிக்கும் வாக்கியத்தின் முற்றுவினைக்கும் உள்ள உறவைத் தனியாக எண்ணிச் சேர்த்தால்தான் பிடிபடும்.

ஒற்று விடுபடுவதையும் சொல்மாறாட்டத்தில் சேர்க்கிறேன். ‘பார்வதி முருகனிடம் வேலைக் கொடுத்தாள்’ என்பதில் ‘க்’ போனால் வேலாயுதம் போய் உத்தியோகம் வந்துவிடும். வாக்கியம் இலக்கணப்படி குறையின்றி நிற்கும். எண்ணிக்கையும் ‘வேலை கொடுத்தாள்’ பக்கமே சாயும். இப்படிப்பட்ட இடங்களில் தானாக மாற்றவே கூடாது. அடிக்கோடிட்டு, இரண்டு பொருளையும் காட்டி, தேர்வை எழுதுபவரிடம் விட வேண்டும். ஆகவே கருவிக்குப் பெயர் ‘சொல்மாறாட்டம் காட்டி’ என்றிருப்பதே பொருத்தம், ‘திருத்தி’ வேண்டாம்.