பழைய லேண்ட் ரோவரை வீட்டில் செப்பனிடுதல்: முதலில் செசி, பெயின்ட் பிறகு

தலவாக்கலையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நான் செப்பனிட்டு வருவது, ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரையின் வாகனமாக ஓடி, பின்னர் மரக்கறி ஏற்றப் பயன்பட்டு, இறுதியில் ஓட்டமின்றிக் கிடந்த சீரிஸ் 2ஏ லேண்ட் ரோவர். 1961 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட இவ்வகையில் என்னுடையது 88 அங்குலக் குட்டை வண்டி.

இத்தகைய வண்டியை வாங்க நினைப்பவர்கள் வெளித்தோற்றத்தைப் பார்த்து விலை பேச வேண்டாம். போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, 1948இல் அறிமுகமான முதல் லேண்ட் ரோவருக்கு அலுமினியக் கலவையில் உடற்பகுதியை அமைத்தார்கள். பிற்கால வண்டிகளிலும் அதுவே தொடர்ந்தது. ஆகையால் நம் மழையில் ஆண்டுக்கணக்காக நின்றாலும் மட்காட்டும் பொனட்டும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உக்கிப்போவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான உருக்குச் செசியும், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள உருக்குத் தடுப்பில் கால் வைக்கும் பள்ளமும்தான். செசி பெட்டி வடிவானது என்பதால் சேறும் நீரும் உள்ளே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே அரித்து வரும். வெளியில் ஓட்டை தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும்.

தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்வுபெற்ற என் மாமா, வண்டி வந்த அன்றே சிறிய சுத்தியலோடு அடியில் புகுந்து, செசியை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார். "கணீர்னு கேட்டா இரும்பு இருக்கு மாப்பிள்ள. பொத்துன்னு கேட்டா பெயின்ட் மட்டுந்தான் இருக்கு" என்றார். அவர் சோக்கட்டியால் குறித்த இடங்களையெல்லாம், நல்ல உருக்கு தென்படும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தோம். துருவின் மேலேயே தகடு ஒட்டித் தருவதாகச் சொல்லும் வெல்டிங் பாஸை நம்பி வேலை கொடுக்காதீர்கள். அது சில மழைக்காலங்கள்கூடத் தாங்காது. குட்டை வண்டியில் பெற்றோல் டேங்க் வலப்புற இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வெல்டிங் தொடங்குமுன் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும், ஏனெனில் காலி டேங்கில் தங்கும் ஆவி, பெற்றோல் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. பற்றறி இணைப்பையும் கழற்ற வேண்டும்.

அலுமினியத்துக்கும் துருவைப்போல ஒரு நோய் உண்டு. அது உருக்கைத் தொடும் இடங்களில், ஈரமும் சேரும்போது, போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து உலோகம் கரைந்துவிடும். மீண்டும் பூட்டும்போது இரண்டுக்கும் நடுவே ரப்பரோ நைலோன் வாஷரோ வைத்தேன். பெயின்டுக்கு முன் அலுமினியத்துக்கென்றே உள்ள பிரைமரைப் பூசாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டும் தோலாக உரிந்து வரும்.

எஞ்சின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2286 சிசி பெற்றோல் எஞ்சின் பொறுமையானது. உதிரிப்பாகங்களில் பல கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் அகப்படும். ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கொதிநிலையை உயர்த்திவைக்கும் ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்பதை ஏற்றத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

என் பணத்தில் கணிசமான பங்கு பிரேக்குக்கே போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றுக் குழாய்தான். ஓரிடத்தில் கசிந்தாலும் முழுப் பிரேக்கும் போய்விடும். றம்பொடை இறக்கத்தை நினைத்துக்கொண்டு குழாய்கள், சிலிண்டர்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினேன். முதல் இரண்டு கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் (கியர் பற்கள் உரசாமல் சேர அவற்றின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) இல்லாததால், கியரைக் குறைக்கும்போது கிளச்சை இருமுறை மிதித்து, நடுவில் எஞ்சின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அதை மாமா ஓசையின்றிச் செய்வார், எனக்கு இன்னும் கரகரக்கிறது.

இப்போது எஞ்சியிருப்பது முன்சக்கரங்கள் திரும்பும் இடத்திலுள்ள உருண்டையிலிருந்து ஒழுகும் ஓயில். அதன் குரோம் மேற்பரப்பில் குழி விழுந்துவிட்டால் புது சீல் போட்டாலும் விரைவில் கிழிந்துவிடும் என்பதால், உருண்டையையே மாற்றும்வரை சீலுக்குக் காசு செலவிடாமல் ஓயில் அளவை மட்டும் பார்த்துப் பார்த்து ஊற்றி வருகிறேன்.