காமன் கூத்துப் போட்டோக்களை எவ்வளவு தூரம் சுருக்கலாம்?

கொட்டகலை வாசிகசாலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறோம். மன்மதன் ரதி கதையை ஆடுகிற காமன் கூத்துப் போட்டோக்கள், கோயில் திருவிழாப் போட்டோக்கள், பெரியவர்கள் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், தோட்டத்து ஆட்களின் வேலைநாளும் சம்பளமும் பதிந்த கொஞ்சம் பழைய செக்ரோல் தாள்கள், எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனவர்கள் பார்க்க வேண்டும், லயத்தில் இருக்கிற ஆச்சியும் பேரனுடைய போனில் பார்க்க வேண்டும்.

போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலு எம்பி, ஐந்து எம்பி வருகிறது. சேர்வரில் வாங்கிய இடம் கொஞ்சம்தான். அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம், ஆனால் தோட்டத்தின் மேல் டிவிசனில் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கும், அதுவும் மழை நாளில் போய்விடும், நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பக்கம் திறக்கவே ஐம்பது எம்பி போனால் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

ஆன்லைனில் சுருக்கித் தருகிற தளம் ஒன்றில் சில படங்களைப் போட்டுப் பார்த்தோம். பகலில் எடுத்தவை நன்றாகவே வந்தன. ராத்திரி தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்த கூத்துப் படத்தில்தான் சிக்கல்: ரதி வேஷம் கட்டியவரின் முகம் மெழுகு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது, சிவப்புச் சேலையின் ஓரம் கலங்கிப்போய் இருக்கிறது. சுருக்கும்போது கேட்கிற குவாலிட்டி எண்ணை 80 வைத்தால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது எல்லாப் படத்துக்கும் பொருந்துமா? எந்தக் கோப்பு வகையில் சேமிப்பது, ஜேபெக்கா (JPEG), வெப்பியா (WebP)? தெரிந்த அண்ணன்மார் அக்காமார் சொல்லுங்கள்.

பதுளை ஸ்டூடியோ எழுதியது:

தம்பி தங்கச்சிமாருக்கு, நல்ல வேலை செய்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், ஒரிஜினலில் கையே வைக்காதீர்கள். போனில் இருந்து வந்த கோப்பை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள், இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். சுருக்குவது எல்லாம் பிரதியில்தான். ஜேபெக்கைத் திறந்து, கொஞ்சம் வெட்டி, திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் படம் இன்னும் கொஞ்சம் கெடும், போனது திரும்பி வராது. நாளைக்கு வெப்பியை விட நல்ல முறை வந்தால் ஒரிஜினலில் இருந்து புதிதாகச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, குவாலிட்டி எண்ணைத் தொடுவதற்கு முன்னால் படத்தின் அளவைக் குறையுங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் என்றால் 4000க்கு 3000 பிக்சல். அதை நீளப் பக்கம் 1600 ஆக்கினால் 1600க்கு 1200, அதாவது ஏறத்தாழ 1.9 மெகாபிக்சல். பிக்சல்கள் ஆறில் ஒரு பங்காகிவிட்டன, இன்னும் ஒன்றும் சுருக்கவே தொடங்கவில்லை. நம் ஆட்களின் கையில் இருக்கிற போன் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம், கொஞ்சம் பழையது என்றால் 720. அதில் 4000 பிக்சல் படத்தைக் காட்டினாலும் போன் அதைக் குறைத்துத்தான் காட்டும். டேட்டா மட்டும் வீண்.

இப்போது அந்த 80. அது சதவீதம் இல்லை. நூறில் எண்பது பங்கு தரம் மிஞ்சியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபோட்டோஷாப்பில் 0 முதல் 12 வரை ஒரு அளவு இருக்கிறது, ஜிம்ப் (GIMP) என்ற இலவச நிரலில் 100 வரை. ஜேபெக்கின் 80ம் வெப்பியின் 80ம் ஒன்றல்ல. 100இல் இருந்து 90க்கு இறங்கினால் கோப்பு பெரும்பாலும் பாதிக்கும் கீழே போய்விடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 90க்கும் 75க்கும் நடுவில்தான் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டிய இடம். 50க்குக் கீழே கட்டம் கட்டமாக உடைய ஆரம்பிக்கும்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வெளிச்சம் மெதுவாக மாறுவது எவ்வளவு, சட்டுச் சட்டென்று மாறுவது எவ்வளவு என்று தனித்தனி எண்களாக்குகிறது. அப்புறம் மிக நுணுக்கமான மாற்றங்களுக்குரிய எண்களைப் பெரிய பெரிய படிகளுக்கு முரட்டுத்தனமாக மட்டந்தட்டிவிடுகிறது, பல எண்கள் பூச்சியமாகிப் போகும், இடம் மிச்சமாவது அங்கேதான். இதற்கு அடிப்படையான கணக்கை 1974இல் நசீர் அகமது, நடராஜன், ராவ் என்ற மூன்று பேர் வெளியிட்டார்கள். ஜேபெக் தரம் வந்தது 1992இல். ஐம்பது வருஷத்துப் பழைய அந்தக் கணக்கில்தான் இன்றைக்கும் உலகத்துப் போட்டோக்களில் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு அது இன்னமும் ஆச்சரியம்தான்.

இதனால்தான் எல்லாப் படத்துக்கும் ஒரே எண் ஒத்துவராது. நம் ஊரிலேயே பார்க்கலாம். தேயிலை மலையை நிறைவாக எடுத்த படம், ஒவ்வொரு இலையும் ஓரமும் நிழலுமாக நுணுக்கம் மண்டிக் கிடக்கும், 80இல் வைத்தாலும் பெரிய கோப்பாகத்தான் வரும். அதே 80இல் செயின்ட் கிளேயர் அருவிக்கு மேலே பனிமூட்டம் இறங்கிய படம் சின்னதாக வந்துவிடும். ஆனால் இரண்டையும் இன்னும் இறுக்கிப் பாருங்கள், முதலில் கண்ணை உறுத்துவது பனிமூட்டம்தான். இலைக் கூட்டத்துக்குள் சின்னச் சேதம் ஒளிந்துகொள்ளும். வெள்ளையில் இருந்து சாம்பலுக்கு மெல்ல மாறுகிற இடத்தில் ஒளிய இடமில்லை, பட்டை பட்டையாகத் தெரியும். ஆகவே மலைப் படத்துக்கு 72, 75 போதும். பனிமூட்டத்துக்கும் வானம் நிறைந்த படத்துக்கும் 85 வையுங்கள், கோப்பு எப்படியும் சின்னதுதான்.

கூத்துப் படத்துக்கு வருகிறேன். ராத்திரிப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். சுருக்குகிற நிரலுக்கு அது இரைச்சல் என்று தெரியாது, அதையும் நுணுக்கமாக நினைத்து இடம் ஒதுக்கும், முகத்துக்குப் போக வேண்டிய இடம் இருட்டுக்குப் போய்விடும். அளவைக் குறைக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் சேர்ந்து இரைச்சல் தானாகவே கொஞ்சம் அடங்கும். அதனால் முதலில் 1600, அப்புறம் 85. ஒன்று மட்டும் பாருங்கள்: ஒரிஜினலையே முழு அளவில் பெரிதாக்கி அந்த முகத்தைப் பாருங்கள். பல போன்கள் படம் எடுக்கும்போதே இரைச்சலைத் துடைக்கிறேன் என்று முகத்தை வழித்துவிடும். அங்கேயே அப்படித்தான் இருக்கிறது என்றால் எந்த எண் வைத்தாலும் அது திரும்பாது.

ஹட்டன் வலைவேலை எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்கு எனக்கும் உடன்பாடு. சிவப்புச் சேலையின் ஓரம் கலங்கியதற்குக் காரணம் மட்டும் வேறு.

நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு பிடிக்காது. அதை வைத்து ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து, நிறத்தை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும், நாலு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல். சாதாரணப் படத்தில் யாருக்கும் தெரியாது. இருட்டுக்கு முன்னால் பளீரென்ற சிவப்பு நின்றால் ஓரம் கலங்கும். ஜிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது மேம்பட்ட விருப்பங்களைத் திறந்தால் சப்சாம்பிளிங் என்று ஒன்று இருக்கும், அதில் நிறத்தைப் பாதியாக்காமல் முழுதாக வைக்கிற 4:4:4 எடுங்கள். கோப்பு கொஞ்சம் கூடும், சேலை சேலையாக இருக்கும். அதே பெட்டியில் முன்னோட்டத்தை ஓன் பண்ணினால் எண்ணை நகர்த்த நகர்த்த எத்தனை கேபி வருகிறது என்பதும் படம் எப்படி மாறுகிறது என்பதும் உடனே தெரியும்.

வெப்பி கூகுள் 2010இல் கொண்டுவந்தது. ஒத்த தரத்தில் ஜேபெக்கை விட 25 முதல் 34 சதவீதம் சின்னது என்று அவர்களே சொல்கிறார்கள், பகல் படங்களில் நான் பார்த்த வரைக்கும் அது நியாயமான கணக்குத்தான். ஆனால் இழப்போடு, அதாவது கொஞ்சம் நுணுக்கத்தை விட்டுக்கொடுத்துச் சுருக்கும் வெப்பியில் நிறம் எப்போதும் பாதியாகத்தான் போகும், 4:4:4 என்ற தெரிவே கிடையாது. அதனால் கூத்து, தேர், காவடி மாதிரி சிவப்பும் மஞ்சளும் கொட்டிக்கிடக்கிற படங்களுக்கு நான் ஜேபெக்தான் சொல்வேன், மற்றதெல்லாம் வெப்பி.

ஜேபெக் என்றால் இன்னொன்று மறக்காதீர்கள், புரோகிரசிவ் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். சாதாரண ஜேபெக் மேலே இருந்து கீழே கோடு கோடாக இறங்கும், சிக்னல் நடுவில் போனால் பாதிப் படம்தான். புரோகிரசிவ் முதலில் முழுப் படத்தையும் மங்கலாகக் காட்டி, டேட்டா வர வரத் தெளிவாக்கும். மேல் டிவிசன் ஆட்களுக்கு அது பெரிய உதவி.

போட்டோவுக்குள் ஒளிந்திருக்கிற தகவல்களையும் நீக்குங்கள், எந்த இடத்தில் எடுத்தது என்பதைப் போன் சில நேரம் உள்ளேயே எழுதி வைத்திருக்கும், பிள்ளைகள் இருக்கிற படங்களில் அது வெளியே போகவே கூடாது. நீக்கும்போது நிறங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்கிற நிற விவரக் குறிப்பை (கலர் புரொஃபைல்) மட்டும் விட்டுவையுங்கள், அதுவும் போனால் சில போன்களில் எடுத்த படங்கள் வெளிறிவிடும். படம் சாய்ந்து வந்தால் திசைக் குறிப்பு போய்விட்டது என்று அர்த்தம், முதலில் நேராக்கிவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

மஸ்கெலியாக்காரி எழுதியது:

ஒரு சின்ன விஷயம். படங்களை ஊராரிடம் வட்ஸ்அப்பில் வாங்குகிறீர்கள் என்றால் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், அங்கேயே ஒரு தடவை சுருங்கிவிடும். டொக்கியுமெண்ட் என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரிஜினல் அப்படியே வரும். பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் சொன்னால் செய்து கொடுக்கும்.

பண்டாரவளை பழைய தாள் எழுதியது:

எல்லாரும் போட்டோவையே பேசுகிறீர்கள், எனக்கு அந்த செக்ரோல் தாள்கள்தான் கவலை. அதில் இருக்கிற பேர், பேருக்கு நேரே இருக்கிற எண், வேலைநாள், சம்பளம், இதை நம்பித்தான் நாளைக்கு ஒருவர் தன் தாத்தாவைத் தேடுவார்.

எழுத்துத் தாளை ஜேபெக்கில் இறுக்கினால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் தூசி படிந்ததுபோல் ஒரு கலங்கல் வரும், ஏனென்றால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற கூர்மையான ஓரம்தான் அந்த முறைக்கு ஆகவே ஆகாது. தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து ஸ்கேன் பண்ணி, சாம்பல் நிறத்துக்கு மாற்றி, நிறங்களை 16 ஆகக் குறைத்து பிஎன்ஜி (PNG) என்ற இழப்பில்லாத கோப்பு வகையில் சேமித்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக இருக்கும், கோப்பும் பயப்படுகிற அளவுக்கு வராது. மை நீலமோ சிவப்போ என்றால் மட்டும் நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு மையில் திருத்தினதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

பிடிஎஃப் ஆக்கும்போது கவனம். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன்காரர் ஒன்றைக் கண்டுபிடித்தார். சில செராக்ஸ் வேர்க்சென்டர் இயந்திரங்களில் ஸ்கேன் பண்ணிய கட்டட வரைபடத்தில் எண்கள் மாறியிருந்தன, இன்னொரு தாளில் 6 இருந்த இடத்தில் 8. கலங்கி வாசிக்க முடியாமல் போகவில்லை, தெளிவாக, அழகாக, பிழையான எண்ணாக இருந்தது. ஜேபிக்2 (JBIG2) என்ற சுருக்க முறை ஒரே மாதிரி இருக்கிற எழுத்துகளை ஒரு தடவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டும், இரண்டும் ஒன்றுதான் என்று தப்பாக முடிவு செய்தால் இப்படி ஆகும். செராக்ஸ் பிறகு திருத்தம் வெளியிட்டது. ஆனாலும் சம்பளக் கணக்கு இருக்கிற தாளுக்கு இழப்போடு சுருக்குகிற ஜேபிக்2 வேண்டவே வேண்டாம். போட்டோ கலங்கினால் பார்க்கிறவருக்குத் தெரியும், எண் மாறினால் யாருக்குமே தெரியாது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சின்ன அளவில்தான் இருக்கும், அவற்றை 600 டிபிஐயில், நிறத்தோடு, டிஃப் (TIFF) கோப்பாக எடுத்து வையுங்கள். மஞ்சள் பழுப்பேறியதும் கறை பிடித்ததும் அந்தப் படத்தோடு சேர்ந்ததுதான். தளத்துக்குப் போடுகிற பிரதியை அதில் இருந்து செய்துகொள்ளலாம்.

கொட்டகலை வாசிகசாலை எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ராத்திரியே உட்கார்ந்து பார்த்துவிட்டோம். அந்த ரதி படம் 1600 ஆக்கி, 85, 4:4:4, புரோகிரசிவ் வைத்து 400 கேபிக்குள் வந்தது, சேலை ஓரம் சரியாக இருக்கிறது. முகம் பாதி போன் செய்த வேலைதான், ஒரிஜினலிலேயே கன்னத்தில் ஒன்றுமில்லை. எடுத்த தம்பியிடம் வேறு படம் கேட்டிருக்கிறோம். மலைப் படத்தை 72க்கு இறக்கியும் எங்கள் யாருக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை.

இரண்டு கேள்வி. ஏவிஃப் (AVIF) என்ற புதுக் கோப்பு வகை இன்னும் சின்னது என்கிறார்கள், அதற்கு மாறலாமா? அப்புறம் ஒரு பக்கத்தில் நாற்பது படம் இருந்தால் ஒவ்வொன்றும் 400 கேபி என்றாலும் 16 எம்பி ஆகிறதே, அதற்கு என்ன செய்வது?

ஹட்டன் வலைவேலை எழுதியது:

ஏவிஃப் நல்லதுதான், பனிமூட்டம் மாதிரி மெல்ல மாறுகிற இடங்களில் ஜேபெக்கை விட நன்றாக நிற்கும், 4:4:4ம் உண்டு. ஆனால் ஐபோன் பக்கம் 2022இல் வந்த சஃபாரி உலாவியின் 16ஆம் பதிப்பில் இருந்துதான் திறக்கும், அப்டேட் பண்ணாத பழைய ஆண்ட்ராய்டுகளிலும் சிக்கல் வரலாம். ஆச்சி பார்க்கப் போவது பேரன் கழித்துக் கொடுத்த போனில் என்றால் இப்போதைக்கு ஜேபெக்கும் வெப்பியும் போதும். ஒரிஜினல் கையில் இருக்கிறது, பிறகு மாறலாம்.

நாற்பது படப் பக்கத்துக்கு 1600 படங்களை வைக்காதீர்கள். 400 பிக்சல் அகலத்தில் சின்னப் படங்கள் தனியாகச் செய்து அவற்றை மட்டும் அடுக்குங்கள், 70 வைத்தால் ஒன்று 25, 30 கேபிக்குள் வரும், நாற்பதும் சேர்ந்து ஒரு எம்பி சொச்சம். தொட்டால் மட்டும் பெரிய படம் திறக்கட்டும். கீழே இருக்கிற படங்கள் ஆள் அங்கே இறங்கும்போது மட்டும் வரும்படியும் வைக்கலாம், லேசி லோடிங் என்று தேடுங்கள், படக் குறிச்சொல்லில் ஒரு சொல் சேர்த்தால் போதும். சின்னப் படம் செய்யும்போது குறைத்த பிறகு மிக லேசாக ஒரு ஷார்ப்பன் கொடுங்கள், அந்த அளவில் முகங்கள் மங்கித் தெரியும். செக்ரோல் தாளுக்கு மட்டும் சின்னப் படம் பிரயோசனமில்லை, அதற்குப் பதிலாகத் தோட்டத்தின் பேரும் வருஷமும் எழுத்தில் போட்டுவிடுங்கள், தேடுகிறவர் அதைப் பார்த்துத் திறந்துகொள்வார்.